தொட்டிக்குப் பின்னால்

"ஜன்னல்ல கம்பியே இல்லையே, கைதி தப்பிச்சிட மாட்டாங்களா?" என்று கேட்டான் பம்பரம்.

வாசலில் காவலுக்கு நின்ற விமானப்படை வீரன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "மேடம் ஓடிப்போற ஆள் இல்ல சார்."

"அதனாலதான் இந்த வம்பே வந்திருக்கு," என்று சொல்லிக்கொண்டே அண்ணி கதவைத் தட்டினாள்.

அவளுக்கு அந்தப் பெயர் வந்தது பம்பரத்தால்தான். அவன் அவள் கணவனின் தம்பி. அவளுடைய துப்பறியும் அலுவலகத்தில் இருக்கும் ஒரே ஊழியன். உட்கார்ந்த இடத்தில் உட்காராதவன் என்பதால் பம்பரம். வீட்டில் கூப்பிடுகிறபடியே அலுவலகத்திலும் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வந்தவர் போனவர் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அவள் பிடித்துக்கொடுத்த திருடர்கள்கூடக் கூண்டில் ஏறி, "அண்ணி சொல்றது பொய்ங்க ஐயா" என்றுதான் வாதாடினார்கள்.

கதவு திறந்தது. வீட்டுக்காவலில் இருக்கும் பெண் அலங்கோலமாக இருப்பாள் என்று பம்பரம் நினைத்திருந்தான். ஆனால் எதிரே நின்ற விமானி முழுச் சீருடையில் இருந்தாள். சட்டையின் மடிப்பில் விரல் வைத்தால் அறுத்துவிடும் போலிருந்தது.

"யார் அனுப்பினாங்க?"

"பாதுகாப்பு மந்திரி," என்றாள் அண்ணி.

"அப்போ போயிட்டு வாங்க."

"அனுப்பினதுதான் அவர். வந்திருக்கறது நான். உள்ள வந்து பேசலாமா, இல்ல உங்க காவலாளியையும் கூட்டத்துல சேர்த்துக்கலாமா?"

விமானி ஒரு கணம் பார்த்துவிட்டு வழிவிட்டாள்.

நாடே பேசிக்கொண்டிருந்த விவகாரம் அது. துறைமுகத்தில் வேலைநீக்கம் செய்யப்பட்ட தொழிலாளர்கள் ஆற்றங்கரையில் கூடாரம் போட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தலைக்கு மேல் போர் விமானங்களைத் தாழ்வாகப் பறக்கவிட்டு விரட்டும்படி தனக்குத் தொலைபேசியில் உத்தரவு வந்ததாகவும், தான் மறுத்துவிட்டதாகவும் இந்த விமானி மேலதிகாரிகளிடம் புகார் கொடுத்திருந்தாள். தலைநகரின் விமானத் தளத்தில் ஒரு போர் விமானப் பிரிவுக்கே அவள்தான் தலைவி. எங்கள் அலுவலகத்திலிருந்து அப்படி உத்தரவே போகவில்லை என்றார் விமானப்படைத் தளபதி. நான் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, சீருடைக்காரர்களில் யாரோ அரசாங்கத்தை மீறி ஆட்டம் போடுகிறார்கள் என்றார் மந்திரி. நாடாளுமன்றக் குழு விசாரணையைக் கையில் எடுத்தது; அது முடியும்வரை விமானிக்கு வீட்டுக்காவல். குழுவுக்கு உதவியாகச் சுதந்திரமான ஒரு துப்பறிவாளர் என்று, கேமராக்களுக்கு முன்னால் அண்ணியின் பெயரைச் சொன்னவர் மந்திரிதான்.

"அந்த போன் எங்கே வந்தது?" என்று கேட்டாள் அண்ணி.

"என் அலுவலக மேஜைக்கு. பழைய லைன், பேச்சு பதிவாகாது. தலைமைச் செயலகத்து எக்ஸ்சேஞ்ச் வழியா வந்திருக்கு."

பம்பரம் உதட்டைப் பிதுக்கினான். "அந்த எக்ஸ்சேஞ்ச்லதானே மந்திரி அலுவலகமும் இருக்கு, தளபதி அலுவலகமும் இருக்கு? சந்தைக்கடையில செருப்பு தொலைஞ்ச மாதிரிதான்."

"பேசினவர் என்ன சொன்னார்? ஒரு வார்த்தை மாறாம சொல்லுங்க."

விமானி கண்ணை மூடிக்கொண்டாள். "'தளபதி அலுவலகம். மூணு விமானத்தை உடனே எடுங்க. தண்ணி டேங்குக்குப் பின்னாடி கூடாரம் போட்டிருக்கானுங்க. எவ்வளவு தாழ்வாப் போக முடியுமோ போங்க. ஒரு கூடாரம் நிக்கக் கூடாது.' தொண்டையை அமுக்கிப் பேசற குரல். பேர் கேட்டேன், சொல்லல."

"நீங்க?"

"எழுத்து எங்கேன்னு கேட்டேன். நம்ம ஜனங்க மேல படையை ஏவணும்னா மந்திரிசபை எழுதிக் கொடுக்கணும், தளபதி கையெழுத்துப் போடணும், என் தளத்து அதிகாரி வழியா எனக்கு வரணும். 'எழுத்து அப்புறம் வரும்'னார். 'அப்போ விமானமும் அப்புறம் வரும்'னு சொல்லிட்டு போனை வச்சிட்டேன்."

பம்பரம் விசிலடிக்க வாயைக் குவித்து, அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.

அண்ணி முன்னால் சாய்ந்தாள். "டேங்குக்குப் பின்னாடின்னா சொன்னார்? வடக்கே, தெற்கேன்னு சொல்லலையா?"

"இல்ல. அந்தக் கோபத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துச்சு. மேலேருந்து பாக்கறவனுக்கு ஏது முன்னாடி பின்னாடி? எங்க சமையல்காரர்கூடத் திசை வச்சுதான் பேசுவார்."

"மன்னிப்புக் கேட்டுட்டா புகாரை அமுக்கிடலாம்னு யாராவது சொன்னாங்களா?"

"ரெண்டு பேர் வந்து சொன்னாங்க. கதவு எந்தப் பக்கம் இருக்குன்னு காட்டினேன்."

வெளியே வந்ததும் பம்பரம் ஜீப்பைக் கிளப்பினான். "அண்ணி, எனக்கு இந்தப் படை ஏணியே தலைசுத்துது. உச்சியில மந்திரிசபை. அதுக்குக் கீழ மந்திரி. அவருக்குக் கீழ தளபதி. அப்புறம் மண்டலம், மண்டலத்துக்குக் கீழ தளம், தளத்துக்குக் கீழ பிரிவு, பிரிவுக்குக் கீழ விமானி. நம்ம வீட்டுல நீங்க, உங்களுக்குக் கீழ அண்ணன், அவருக்குக் கீழ நான். சுலபமா இருக்கு."

"உங்க அண்ணன் கேட்டா சாப்பாடு கட்."

"அவர் சமைச்ச சாப்பாடுதானே, பரவால்ல. சரி, இப்போ எங்கே?"

"'பின்னாடி'ங்கற வார்த்தை ஒரு திருடனோட கால் தடம் மாதிரிடா. நாம நிக்கற இடத்தைப் பொறுத்துதான் பின்னாடி. அந்த ஆள் எங்கே நின்னு பாத்தான்னு கண்டுபிடிச்சா, ஆளையே கண்டுபிடிச்ச மாதிரி. முதல்ல தளபதி ஜன்னல்."

பம்பரம் பிரேக்கை மிதித்தான். "உங்க சீருடையைக் கழட்டின அதே தளபதியா?"

"அதே ஆள்தான். வண்டியை ஓட்டு."

அண்ணி ஒரு காலத்தில் விமானப்படையின் காவல் பிரிவில் இருந்தவள். ஒரு வழக்கை மேலிடம் ஊறப்போட்டது பொறுக்காமல், ஏணியைத் தாண்டி நேராக அப்போதைய மந்திரியிடம் போய்விட்டாள். வழக்கு ஜெயித்தது. ஏணியைத் தாண்டியதற்காக அவளை வேலையிலிருந்து அனுப்பினார் இந்தத் தளபதி.

தலைமையகத்தின் உச்சி மாடியில் அவர் எழுந்திருக்கவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. அண்ணி நேராக ஜன்னலுக்குப் போனாள். தூரத்தில் ஆறு. கரையில் தூண்கள் மேல் உட்கார்ந்திருக்கும் பெருத்த தண்ணீர்த் தொட்டி தனியாகத் தெரிந்தது. தொட்டிக்குப் பின்னால் ஆற்றுத் தண்ணீர் மட்டும், வலதுபக்கம் வெற்றுக் கரை, அதற்கும் வலது பக்கத்தில் பாலம். இங்கிருந்து பார்க்கும் யாரும் எதையும் தொட்டிக்குப் பின்னாடி என்று சொல்ல மாட்டார்கள்.

"பாத்தாச்சா?" என்றார் தளபதி.

"பாத்தாச்சு சார். உத்தரவு இந்த ரூம்லேருந்து போகல."

"அதை நான் அன்னிக்கே சொன்னேன்."

"நீங்க சொன்னா நம்பறதுக்கு நான் என்ன உங்க சம்பந்தியா? யார் மேல சந்தேகம்?"

தளபதி மேஜைமேல் இருந்த கோப்பை மூடினார். "இருக்கு. சொல்ல மாட்டேன்."

"அந்தப் பொண்ணு வீட்டுக்காவல்ல கிடக்கறா சார்! நீங்க வாயை மூடிட்டு உட்காந்திருக்கீங்க."

"உட்காந்துதான் இருக்கணும்," அவர் குரல் உயரவில்லை. "எனக்குக் கீழ குண்டு போடற விமானம் இருக்கு. அப்படிப்பட்டவன் டிவி முன்னாடி வந்து, எனக்கு அரசாங்கத்து மேல சந்தேகம்னு ஒரே ஒரு வரி சொன்னாப் போதும். படை ஆட்சியைப் பிடிக்கப் போகுதுன்னு மறுநாள் காலைல ஜனங்க வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கிச் சேர்க்க ஆரம்பிச்சிடுவாங்க. ஆதாரம் இல்லாம நான் பேசக் கூடாது. பேசவேண்டியது சீருடை போடாத ஆள்."

"என் சீருடையைக் கழட்டினதே நீங்கதான்."

"அந்த முடிவு சரின்னுதான் இன்னிக்கும் சொல்வேன்."

"நானும் அதை மன்னிக்கப் போறதில்ல. நல்லதாப் போச்சு, ரெண்டு பேருக்கும் குழப்பம் இல்ல." கதவருகே போய்த் திரும்பினாள். "என்னை எதுக்குத் தேர்ந்தெடுத்தாங்கன்னு இப்பதான் புரியுது சார். உங்க மேல பழி விழுந்தா நான் சந்தோஷமாத் துணை போவேன்னு கணக்குப் போட்டிருக்காங்க."

"போவியா?"

"எனக்கு உங்களைப் பிடிக்காது. அதுக்காகப் பொய் சொல்லணுமா?"

அடுத்து ஆற்றங்கரை. கூடாரங்கள் எல்லாம் பாலத்துக்கு அடியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. தொட்டியின் பக்கம் ஒரு கூடாரமும் இல்லை. "வார்த்தை காலை வாரிவிட்டுடுச்சு அண்ணி," என்றான் பம்பரம். "டேங்குக்கு முன்னாடியும் இல்ல, பின்னாடியும் இல்ல. பாலத்துக்கு அடியில விமானம் ஓட்டணும்னா சர்க்கஸ்லதான் ஆள் எடுக்கணும்."

அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்த, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய பெரியவர் அதைக் கேட்டுச் சிரித்தார். முகாமுக்கு அவர்தான் தலைவர். "முதல் நாள் அங்கேதான் போட்டோம் தம்பி, டேங்க் பக்கத்துல. அன்னிக்கு ராத்திரி டேங்க் வழிஞ்சு பாயெல்லாம் மிதக்க ஆரம்பிச்சுடுச்சு. விடிஞ்சதும் மூட்டையைக் கட்டிட்டு இங்கே வந்துட்டோம்."

"அப்போ டேங்க் பக்கம் இருந்தது அந்த ஒரே பகல்தானா?" அண்ணியின் குரல் மாறியது. "அன்னிக்குத்தானே விமானிக்கு போன் வந்தது?"

"அன்னிக்குத்தாங்க. பேப்பர்காரங்க வந்ததுகூட மறுநாள், நாங்க பாலத்துக்கு வந்தப்புறம்தான். அந்தப் பொண்ணு மட்டும் சரின்னு சொல்லியிருந்தா, என் பேரனுக்குக் காது போயிருக்கும். அவங்களைப் பாத்தா சொல்லுங்க. நாங்க இங்கேருந்து நகர மாட்டோம். விமானம் வந்தாலும் சரி, விண்கலமே வந்தாலும் சரி."

அண்ணி சேற்றில் இறங்கிப் பழைய இடத்துக்கு நடந்தாள். காய்ந்தும் காயாமலும் கிடந்த கூடார முளைக்குழிகளுக்கு நடுவே நின்று தொட்டியைப் பார்த்துத் திரும்பினாள். தொட்டிக்கு அப்பால் அடர்ந்த மரங்கள். மரங்களுக்கு மேலே ஒரு பெரிய கட்டடத்தின் உச்சி மாடி மட்டும் எட்டிப் பார்த்தது. அந்த மாடியின் ஜன்னலில் நிற்பவனுக்குத்தான் இந்த இடம் தொட்டிக்குப் பின்னாடி.

"அது என்ன கட்டடம்டா?"

பம்பரம் முதன்முறையாக அசையாமல் நின்றான். "பாதுகாப்பு அமைச்சகம். உச்சி மாடி மந்திரியோடது. அவரும் அவர் செயலரும் மட்டும்தான். மத்தவங்க ஏற முடியாது. ஆனா அண்ணி, அன்னிக்கு அவங்க ரெண்டு பேருமே ஊர்ல இல்ல. செயலரையும் கூட்டிக்கிட்டு கார்ல வடக்கு மாவட்டத்துக்கு ஆய்வுக்குப் போனார்னு எல்லாப் பேப்பர்லயும் வந்துச்சு. மாடியைப் பூட்டிட்டுல்ல போயிருக்காங்க? போச்சு!"

அண்ணி செருப்பில் ஒட்டிய சேற்றைப் புல்லில் துடைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. "எங்கேடா போச்சு? இப்பதான் வந்திருக்கு. ரெண்டு பேரும் ஊர்ல இல்லன்னு அவங்க சொன்னதை மட்டும் யாரும் மறுக்காம இருக்கட்டும்."

மாலையில் நாடாளுமன்றக் குழு கூடியது. குழுத் தலைவி கண்டிப்பான பெண்மணி. அண்ணி அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். இடத்தை ஒரு தடவை நேரில் காட்டிவிடுகிறேன், மந்திரியின் மாடியிலிருந்து நன்றாகத் தெரியும், எல்லாரும் வாருங்கள். விமானியும் தளபதியும்கூட அழைத்து வரப்பட்டார்கள்.

மந்திரி வாசலுக்கே வந்து வரவேற்றார். "வாங்க, வாங்க. அண்ணி இவ்வளவு சீக்கிரம் முடிச்சிடுவாங்கன்னு நினைக்கல." அவர் பக்கத்தில் செயலர் இரண்டு போன்களோடு நின்றார்.

அகலமான ஜன்னல். மரங்களின் தலைகளுக்கு அப்பால் தொட்டி, அதற்கு அப்பால் வெற்றுக் கரையும் ஆறும். பாலம் ஒரு ஓரத்தில்.

"குழுவுக்கு நான் வருத்தத்தோட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தாள் அண்ணி. "தளபதி மேல எந்தத் தப்பும் இல்ல. அப்படி ஒரு போனே வந்திருக்க முடியாது. விமானி சொல்றது கட்டுக்கதை."

விமானியின் முகம் சிவந்தது. மந்திரியின் சிரிப்பு நின்றுபோனது. தளபதியைப் பதவியிலிருந்து தூக்குவதற்கு அவருக்கு அந்த போன் வேண்டும்.

"எதை வச்சு அப்படிச் சொல்றீங்க?" என்றார் மந்திரி.

"கூடாரம் இருக்கறது பாலத்துக்கு அடியில சார். அங்கே எந்த மடையன் விமானத்தைத் தாழ்வா அனுப்பச் சொல்வான்? பாலத்துல மோதி எல்லாரும் போயிருப்பாங்க. படையில இருக்கற எவனும் அந்த உத்தரவைக் கொடுத்திருக்க மாட்டான்."

"அட, என்னம்மா நீங்க!" மந்திரி ஜன்னலில் விரலைக் குத்தினார். "பாலத்துக்குப் போனதெல்லாம் மறுநாள். அன்னிக்கு அங்கேதான் இருந்தானுங்க, தண்ணி டேங்குக்குப் பின்னாடி. நீலத் தார்ப்பாய் வரிசையா, இங்கேருந்து பளிச்சுன்னு தெரிஞ்சுது. தாராளமாப் பறந்திருக்கலாம். தளபதி சொல்லியிருக்கார், இந்தம்மா மறுத்திருக்காங்க, அவ்வளவுதான்."

குழுத் தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தெரிஞ்சுதா? யாருக்குத் தெரிஞ்சுது?"

மந்திரியின் விரல் இன்னும் கண்ணாடியிலேயே இருந்தது. "அது... யாரோ சொன்னாங்க. செயலர் சொன்னார்."

எல்லார் கண்ணும் செயலரிடம் திரும்பியது. அவர் இரண்டு போன்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "நான் உங்க கூட வடக்கு மாவட்டத்துலதானே சார் இருந்தேன்? அப்படித்தானே சொல்லச் சொன்னீங்க?"

"சொல்லச் சொன்னாரா?" என்றார் தலைவி.

செயலர் ஒரு தடவை மந்திரியைப் பார்த்தார், ஒரு தடவை விமானியைப் பார்த்தார். பிறகு போன்களை மேஜைமேல் வைத்தார். "நாங்க எங்கேயும் போகல மேடம். கறுப்புக் கண்ணாடி போட்ட கார் மட்டும்தான் போச்சு. நாங்க ரெண்டு பேரும் இங்கேதான் இருந்தோம். சார் இந்த ஜன்னல்கிட்ட நின்னுக்கிட்டு, கைக்குட்டையை வாய்ல வச்சுப் பேசினார். வெளிநாட்டு விருந்தாளிங்க துறைமுகம் பாக்க வர்றதுக்குள்ள கரை காலியாகணும்னார். நான் தடுத்திருக்கணும். தடுக்கல."

"பெட்ரோல் செலவுதான் வீண்," என்று முணுமுணுத்தான் பம்பரம்.

மந்திரி நிமிர்ந்தார். பசப்பெல்லாம் உதிர்ந்துபோயிருந்தது. "ஆமாய்யா, நான்தான் சொன்னேன். என்ன இப்போ? நான் மந்திரி. ஜனங்க ஓட்டுப் போட்டு வந்தவன். படை எனக்குக் கீழ. நான் சொல்லாம வேற யார் சொல்லணும்?" விமானியை நோக்கிக் கையை நீட்டினார். "அப்போ நீ மறுத்தது குத்தம்தானே?"

விமானி வாயைத் திறப்பதற்குள் அண்ணி குறுக்கே வந்து நின்றாள். "உங்களுக்கு உரிமை இருந்தா உங்க பேரையே சொல்லிக் கேட்டிருக்கலாமே சார்? கைக்குட்டை எதுக்கு? தளபதி பேர் எதுக்கு? மந்திரிசபைக்குத் தெரியாம, தளபதிக்குத் தெரியாம, பேரில்லாம ஒரு குரல் போன்ல வந்தா, அது உத்தரவு இல்ல, மிரட்டல். ஜனங்க ஓட்டுப் போட்டது உங்களை இந்த ஏணியில ஒரு படியில நிக்க வைக்கத்தான். ஏணியையே தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போறதுக்கு இல்ல."

"உங்களை நியமிச்சதே நான்!"

"தப்பான ஆளை நியமிச்சிட்டீங்க."

தலைவி கையை உயர்த்தினார். எல்லாரும் குழு அறைக்குத் திரும்பினார்கள். மந்திரியின் இருக்கை காலியாகவே இருந்தது. அவர் பதவி விலகல் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதாக யாரோ வந்து தலைவியின் காதில் சொன்னார்கள். விமானியின் வீட்டுக்காவல் ரத்தானது. அறை முழுக்கக் கலகலப்பாகியது. பத்திரிகைக்காரர்கள் கதவை இடித்தார்கள்.

தலைவி மேஜையைத் தட்டினார். "இருங்க. விமானிகிட்ட எனக்கு ஒரு கேள்வி இருக்கு." அறை அடங்கியது. "அந்த உத்தரவு தப்பான வழியில வந்துச்சு, மறுத்தீங்க, சரி. நாளைக்கு இதே உத்தரவு மந்திரிசபை எழுதி, தளபதி கையெழுத்துப் போட்டு, முறையா வந்தா? கூடாரத்துல குழந்தைங்க இருக்காங்கன்னு தெரிஞ்சும் பறப்பீங்களா?"

பம்பரம் அண்ணியின் காதருகே குனிந்தான். "ஜெயிச்ச கேஸ்ல இவங்க எதுக்கு ஓட்டை போடறாங்க?"

"கேக்கவேண்டிய கேள்விதான்டா. சும்மா இரு."

விமானி எழுந்து நின்றாள். "மாட்டேன் மேடம்."

"முறையான உத்தரவை மறுத்தா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். ராணுவ நீதிமன்றம். மறுத்துட்டு ஓட மாட்டேன், அங்கே போய் நிப்பேன். ஏன் மறுத்தேன்னு கேட்டா சொல்வேன். தண்டனை கொடுத்தா வாங்கிப்பேன்."

பின்வரிசையில் நாற்காலி நகரும் ஓசை கேட்டது. தளபதி எழுந்திருந்தார். அன்றைக்கு முழுக்க யாராலும் அவர் முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. இப்போதும் முடியவில்லை.

"அப்படி ஒரு நாள் வந்தா, உன்னைக் கைது பண்ணச் சொல்லி நானே கையெழுத்துப் போடுவேன்," என்றார். "அதுல உனக்குச் சந்தேகம் வேண்டாம்."

"போடுங்க சார்," என்றாள் விமானி. "ஆனா விமானம் தரையிலதான் நிக்கும்."